கோல்ஃப் வண்டிகளில் லித்தியம் மின்கல அடுக்கு: மின்னேற்றமும் பராமரிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

கோல்ஃப் வண்டிகளிலும், அவற்றின் கட்டமைப்பைப் பின்பற்றி வளாகங்களில் இயங்கும் பேட்டரி கார்களிலும் நெடுங்காலம் ஈய-அமில மின்கல அடுக்குகளே பயன்பட்டு வந்தன. அண்மைக் காலமாக அவற்றின் இடத்தை லித்தியம் அடுக்குகள் பெற்று வருகின்றன. அடுக்கு மாறிய பின்னரும் அதனைப் பேணும் பழக்கம் மாறாதிருப்பதே லித்தியம் அடுக்குகள் உரிய காலத்திற்கு முன்பே பழுதடைவதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்றாகும். ஈய-அமில அடுக்கிற்கு நன்மை செய்த பழக்கங்களுள் எவை லித்தியத்திற்குப் பொருந்தா என்பதையும், அதற்கான வேதியியல், மின்னியல் காரணங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது. வண்டியை ஓட்டுபவர் தமிழில் படித்துப் பின்பற்றத்தக்க குறிப்பு மாதிரி ஒன்றும் இறுதியில் தரப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கோல்ஃப் வண்டி, பேட்டரி கார், லித்தியம் இரும்பு பாஸ்பேட், மின்னேற்றம், மின்கல மேலாண்மை அமைப்பு, பராமரிப்பு.

முன்னுரை

மின்சாரத்தால் இயங்கும் கோல்ஃப் வண்டி அமெரிக்காவில் 1950-களில் பரவலானது. ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நகரில் 1954-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஈ-இசட்-கோ நிறுவனம் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. விளையாட்டுத் திடலுக்கென உருவான இவ்வண்டி விரைவில் திடலைக் கடந்தது. அதே மாநிலத்தின் பீச்ட்ரீ சிட்டி என்னும் ஊரில் கோல்ஃப் வண்டிகள் செல்வதற்கென்றே 100 மைலுக்கும் மேற்பட்ட பாதைகள் உள்ளன; மக்கள் கடைக்கும் பள்ளிக்கும் இவ்வண்டியிலேயே சென்று வருகின்றனர்.

தமிழ்நாட்டில் இவ்வண்டியைக் கோல்ஃப் திடலில் கண்டவர் சிலரே. ஆயினும் அதன் உடன்பிறப்பான பேட்டரி காரை அறியாதவர் குறைவு. சென்னை மத்திய ரயில் நிலையத்தின் நடைமேடைகளிலும், வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவிலும், பழனி கிரிவலப் பாதையிலும் முதியோரையும் நடக்க இயலாதோரையும் ஏற்றிச் செல்பவை இவ்வகை வண்டிகளே. மருத்துவமனைகளும் பல்கலைக்கழக வளாகங்களும் இவற்றைப் பயன்படுத்துகின்றன. எனவே இவ்வண்டியின் மின்கல அடுக்கைப் பேணுதல் என்பது விளையாட்டுச் சங்கங்களின் கவலை மட்டுமன்று. பொது நிறுவனங்களின் செலவையும் பயணிகளின் பாதுகாப்பையும் சார்ந்த பொருளாகும்.

சொற்பொருள் தெளிவு

தமிழில் ‘மின்கலம்’ என்னும் சொல் தனிக் கலத்தையும் பல கலங்கள் சேர்ந்த தொகுதியையும் ஒருங்கே குறித்து வழங்குகிறது. பொது எழுத்தில் இதனால் இடர் இல்லை. பராமரிப்புக் குறிப்பிலோ இது பிழைக்கு வழிவகுக்கும். 3.65 வோல்ட் என்பது ஒரு கலத்தின் மேல்வரம்பு, 58.4 வோல்ட் என்பது பதினாறு கலங்கள் கொண்ட தொகுதியின் மேல்வரம்பு. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் படிப்பவர் தடுமாறுவார். ஆதலின் இக்கட்டுரையில் தனிக் கலம் ‘மின்கலம்’ எனவும், தொகுதி ‘மின்கல அடுக்கு’ அல்லது ‘அடுக்கு’ எனவும் வழங்கப்படுகின்றன. சார்ஜ் செய்தல் ‘மின்னேற்றம்’ எனவும், பயன்பாட்டில் அது குறைதல் ‘மின்னிறக்கம்’ எனவும், சார்ஜர் ‘மின்னேற்றி’ எனவும், அடுக்கில் எஞ்சியுள்ள மின்னேற்றத்தின் விழுக்காடு ‘மின்னேற்ற நிலை’ எனவும் குறிக்கப்படுகின்றன.

ஈய-அமில அடுக்கு உருவாக்கிய பழக்கங்கள்

ஈய-அமில மின்கலத்தைப் பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்டன் பிளான்டே 1859-இல் உருவாக்கினார். இக்கலத்தில் மின்னிறக்கம் நிகழும்போது இரு தகடுகளின் மேலும் ஈய சல்பேட் படிகிறது. மின்னேற்றம் நிகழும்போது அது கரைந்து நீங்குகிறது. குறைந்த மின்னேற்ற நிலையிலேயே கலத்தை விட்டுவைத்தால் அப்படிவு பெரும் படிகங்களாக இறுகி மீண்டும் கரையாமல் நின்றுவிடும். சல்பேற்றம் எனப்படும் இக்கேடே ஈய-அமில அடுக்கின் முதற்பகை.

இவ்வொரு காரணத்திலிருந்தே இதனைக் கையாளுவோரின் பழக்கங்கள் பலவும் பிறந்தன. வண்டி நின்றவுடன் மின்னேற்றியில் இணைத்தல், எப்போதும் முழுமையாக ஏற்றுதல், பயன்படுத்தாத நாள்களிலும் இணைப்பிலேயே விட்டுவைத்தல், மாதந்தோறும் கூடுதல் மின்னழுத்தம் கொடுத்துக் கலங்களைச் சமன்செய்தல், காய்ச்சி வடித்த நீரை ஊற்றுதல் ஆகியன அவை. மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜன் வெளிப்படுவதால் காற்றோட்டமான இடத்தைத் தேர்தலும் இவற்றோடு சேர்ந்தது. இவை மூடப்பழக்கங்கள் அல்ல. ஈய-அமில அடுக்கைப் பொறுத்தவரை ஒவ்வொன்றும் காரணம் உடையது. இவற்றை வேறொரு வேதியியலுக்கு அப்படியே பெயர்ப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட்டின் இயல்பு

லித்தியம் அயனி மின்கலம் 1991-இல் சோனி நிறுவனத்தால் வணிகச் சந்தைக்கு வந்தது. இதன் உருவாக்கத்திற்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூவர்க்கும் 2019-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. கோல்ஃப் வண்டிகளில் இன்று பெரிதும் பயன்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்னும் நேர்மின்வாய்ப் பொருள், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் குட்இனஃபின் ஆய்வுக்குழுவால் 1990-களின் பிற்பகுதியில் இனங்காணப்பட்டது. இத்தகைய பல்லணு எதிரயனிச் சேர்மங்களின் மீது 1980-களிலேயே குட்இனஃபுடன் இணைந்து அடிப்படை ஆய்வுகளைச் செய்தவர், மதுரைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் பயின்ற ஆறுமுகம் மந்திரம். குட்இனஃபின் சார்பில் 2019-இல் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் அவரே.

இம்மின்கலத்தில் மின்னேற்றத்தின்போது லித்தியம் அயனிகள் இரும்பு பாஸ்பேட்டிலிருந்து நீங்கிக் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் புகுகின்றன. மின்னிறக்கத்தின்போது திரும்பி வருகின்றன. தகட்டில் எதுவும் படிந்து இறுகுவதில்லை. ஆதலின் பாதி ஏறிய நிலையில் நிறுத்துவது இதற்குக் கேடன்று. அதுவே இதற்கு இசைவான ஓய்வுநிலை. மாறாக, முழுமையாக ஏறிய நிலையில் நீண்ட நாள் கிடக்கும்போது, கிராஃபைட்டின் மேற்பரப்பில் மின்பகுபொருள் சிதைந்து உருவாகும் மென்படலம் தடித்துக்கொண்டே செல்கிறது. படலம் தடிக்கத் தடிக்க, பயன்படத்தக்க லித்தியம் குறைகிறது. அடுக்கின் கொள்ளளவும் குறைகிறது. வெப்பம் இதனை விரைவுபடுத்துகிறது. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயரும்போது இத்தகைய முதுமை ஏறத்தாழ இருமடங்கு விரைவடையும் என்பது பொறியியலில் வழங்கும் தோராய விதி.

ஆக, ஈய-அமில அடுக்கு பசித்திருந்தால் கெடுவது. லித்தியம் அடுக்கு வெப்பத்தில் நிறைந்திருந்தால் நலிவது. பராமரிப்பு வேறுபாடுகளுள் பெரும்பாலானவற்றை இவ்வொரு முரணைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

மின்னேற்றியின் பொருத்தம்

‘48 வோல்ட்’ வண்டியில் பொருத்தப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் அடுக்கு பொதுவாக 16 மின்கலங்களைத் தொடராகக் கொண்டது. ஒரு மின்கலத்தின் இயல்பு மின்னழுத்தம் 3.2 வோல்ட், எனவே அடுக்கின் இயல்பு மின்னழுத்தம் 51.2 வோல்ட். ஒரு மின்கலத்தின் மின்னேற்ற மேல்வரம்பு 3.65 வோல்ட் ஆதலின் அடுக்கின் மேல்வரம்பு 58.4 வோல்ட். ‘36 வோல்ட்’ வண்டிக்குரிய 12 மின்கல அடுக்கில் இவை முறையே 38.4, 43.8 வோல்ட் ஆகும்.

லித்தியத்திற்குரிய மின்னேற்றி இரு கட்டங்களில் இயங்கும். முதற்கட்டத்தில் மாறா மின்னோட்டத்தைச் செலுத்தும். மேல்வரம்பை எட்டியதும் மின்னழுத்தத்தை மாறாது வைத்து, மின்னோட்டம் சிறு அளவாகக் குறையும்வரை காத்திருந்து நின்றுவிடும். ஈய-அமில மின்னேற்றியோ அதன்பின் மிதவை மின்னழுத்தம் கொடுத்துக்கொண்டே இருக்கும். சமன்செய்யும் கட்டத்தில் அது 60 வோல்ட்டுக்கு மேலும் செல்லக்கூடும். 58.4 வோல்ட் வரம்புடைய அடுக்கிற்கு இது மிகை. சல்பேற்றத்தை நீக்கவென்று துடிப்பு மின்னழுத்தம் கொடுக்கும் மின்னேற்றிகளும் லித்தியத்திற்கு உரியன அல்ல.

மின்கல மேலாண்மை அமைப்பு மிகை மின்னழுத்தத்தைத் துண்டித்துவிடும் என்பது உண்மையே. ஆயினும் அவ்வமைப்பு இறுதிக் காவலேயன்றி அன்றாட விசை அன்று. பொருந்தாத மின்னேற்றியை நாள்தோறும் இணைத்து, துண்டிக்கும் பணியை அதன்மேல் சுமத்துவது காவலைத் தேய்ப்பதாகும். எனவே பழைய வண்டிக்கு லித்தியம் அடுக்கு வாங்கும் நிறுவனம் மின்னேற்றியையும் மாற்றுவதற்குரிய தொகையைத் தொடக்கத்திலேயே ஒதுக்குதல் வேண்டும். எல்லா லித்தியம் அடுக்குகளும் இரும்பு பாஸ்பேட் வகையின அல்ல என்பதும் நினைவிற்குரியது. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த வகையின் கல வரம்பு வேறு. அடுக்கின் மேலுள்ள எண்ணும் மின்னேற்றியின் மேலுள்ள எண்ணும் ஒத்திருத்தலே முதல் விதி.

மின்னேற்றத்திற்கு ஆகும் காலத்தை எளிய கணக்கால் அறியலாம். 105 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள அடுக்கில் 20 விழுக்காடு எஞ்சியிருப்பதாகக் கொள்வோம். நிரப்ப வேண்டியது 84 ஆம்பியர்-மணி. 20 ஆம்பியர் மின்னேற்றி இதனை நாலேகால் மணி நேரத்திற்குச் சற்று மிகுதியான காலத்தில் நிரப்பிவிடும். எனவே இரவு முழுவதும் இணைத்து வைக்கும் தேவை இல்லை.

மின்னேற்ற நிலையை அறிதல்

பழைய வண்டிகளின் அளவுமானி மின்னழுத்தத்தைப் பார்த்தே மின்னேற்ற நிலையைக் காட்டுகிறது. ஈய-அமில அடுக்கின் மின்னழுத்தம் பயன்பாட்டிற்கேற்பப் படிப்படியாகக் குறைவதால் அது பொருந்தியது. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டின் மின்னழுத்தமோ நெடுந்தொலைவு ஏறத்தாழ சமதளமாகச் சென்று, இறுதியில் செங்குத்தாக வீழ்கிறது. மின்னேற்ற நிலை 90 விழுக்காட்டிலிருந்து 30 விழுக்காடு வரை குறையும்போதும் ஓய்விலுள்ள ஒரு மின்கலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.1 வோல்ட் மட்டுமே மாறுகிறது.

இதன் விளைவு ஆழ்ந்து நோக்கத்தக்கது. முழுமையாக ஏறிய 48 வோல்ட் ஈய-அமில அடுக்கு ஓய்வில் ஏறத்தாழ 51 வோல்ட் காட்டும். 30 விழுக்காடே எஞ்சிய லித்தியம் அடுக்கும் ஓய்வில் 51 வோல்ட்டுக்கு மேல் காட்டும். எனவே பழைய அளவுமானி லித்தியம் அடுக்கில் ‘நிறைவு’ என்றே காட்டிக்கொண்டிருந்து, வண்டி திடீரென நிற்கும் தறுவாயில்தான் உண்மையைச் சொல்லும். முதியவர்களை ஏற்றிய வண்டி சரிவில் நின்றுபோவதற்கு இது போதுமான காரணம். மின்னோட்டத்தைத் தொடர்ந்து அளந்து கணக்கிடும் அளவுமானியைப் பொருத்துவது அல்லது மேலாண்மை அமைப்பு தரும் விழுக்காட்டைக் காண்பதே இதற்குத் தீர்வு. அக்கணக்கிலும் நாளடைவில் பிழை சேர்வதுண்டு. மாதம் ஒருமுறையேனும் முழுமையாக ஏற்றினால் கணக்குச் சீராகும். பல அடுக்குகளில் மேல்வரம்பை அணுகும்போதே மின்கலங்களுக்கிடையிலான சமன்பாடும் நிகழ்வதால் அதுவும் நிறைவேறும்.

முழு மின்னேற்றமே தீது என்று இதனைக் கொள்ளுதல் ஆகாது. நாள்தோறும் முழுமையாக ஏற்றி நாள்தோறும் ஓடும் வண்டிக்குப் பெரும் கேடு இல்லை. முழுமையாக ஏற்றிய பின் ஓடாமல் வெப்பத்தில் கிடப்பதே தவிர்க்கத்தக்கது. நாளின் தேவைக்கு 80 அல்லது 90 விழுக்காடு போதுமாயின் அவ்வளவில் நிறுத்துதல் ஆயுளைக் கூட்டும்.

வெப்பமும் குளிரும்

லித்தியம் இரும்பு பாஸ்பேட் அடுக்குகளுக்குப் பொதுவாகக் குறிக்கப்படும் மின்னேற்ற வெப்பநிலை வரம்பு 0 முதல் 45 பாகை செல்சியஸ் வரை. உறைநிலைக்குக் கீழே மின்னேற்றினால் லித்தியம் அயனிகள் கிராஃபைட்டிற்குள் புகாமல் அதன்மேல் உலோகமாகப் படியும். இக்கேடு மீளாதது, கலத்தினுள் குறுக்குச்சுற்று ஏற்படவும் காரணமாகலாம். ஜார்ஜியாவின் குளிர்கால இரவுகளில் இது நடைமுறைச் சிக்கல். தமிழ்நாட்டில் கோல்ஃப் திடலும் உறைபனியும் ஒருங்கே அமைந்த உதகை போன்ற இடங்களில் டிசம்பர், ஜனவரி மாதங்களின் விடியற்காலையில் இதனைக் கருத வேண்டும். வெயில் ஏறிய பின் மின்னேற்றுவதே அங்குத் தக்கது.

சமவெளியில் நிலைமை நேர்மாறானது. கோடை நண்பகலில் தகரக் கொட்டகையினுள் நிற்கும் வண்டியின் இருக்கைக்கடியில் வெப்பம் மேல்வரம்பை எட்டக்கூடும். ஓடி வந்த வண்டியை உடனே இணைத்தல் ஈய-அமிலக் காலத்துப் பழக்கம். லித்தியத்தைப் பொறுத்தவரை அடுக்கு ஆறும்வரை நிழலில் நிறுத்தி, மாலைக்குப் பின்னரோ விடியற்காலையிலோ மின்னேற்றுதலே நன்று.

மலைப்பாங்கான இடங்களில் மற்றொன்றும் கருதத்தக்கது. இறக்கத்தில் மோட்டாரே தடையாகச் செயற்பட்டு மின்சாரத்தை அடுக்கிற்குத் திருப்பி அனுப்பும் வண்டிகள் உண்டு. மேட்டில் முழுமையாக ஏற்றிய வண்டி உடனே இறக்கத்தில் இறங்கினால் அம்மின்சாரத்தை ஏற்க அடுக்கில் இடம் இராது. மேலாண்மை அமைப்பு இணைப்பைத் துண்டித்தால் மோட்டாரின் தடைவிசை குறைய நேரிடும். ஆதலின் மேட்டிலுள்ள நிலையத்தில் 90 விழுக்காட்டிற்குள் நிறுத்துதல் பாதுகாப்பானது.

நீண்ட நாள் நிறுத்தம்

கல்வி வளாகத்தின் கோடை விடுமுறை லித்தியம் அடுக்கிற்கு ஒரு சோதனைக்காலம். வெப்பம் மிகுந்த மாதங்களில் வண்டி நின்றுவிடுகிறது. மின்னேற்றியில் இணைத்துவிட்டுச் செல்வது ஒரு பிழை; காலியான நிலையில் விட்டுச் செல்வது மற்றொரு பிழை.

லித்தியம் மின்கலம் தானாக இழப்பது மாதத்திற்குச் சில விழுக்காடே. ஆனால் வண்டியின் கட்டுப்பாட்டுக் கருவி, மின்னழுத்தக் குறைப்பி, மானி ஆகியன நின்ற நிலையிலும் சிறிது மின்னோட்டத்தை ஈர்க்கின்றன. எடுத்துக்காட்டாக, 0.05 ஆம்பியர் ஈர்ப்பதாகக் கொண்டால் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி இழப்பாகும். 105 ஆம்பியர்-மணி அடுக்கு பாதி நிலையில் நிறுத்தப்பட்டால் ஏறத்தாழ 44 நாள்களில் காலியாகிவிடும். இரண்டு மாத விடுமுறையை அது தாங்காது. ஆதலின் 50 முதல் 60 விழுக்காட்டில் நிறுத்தி, முதன்மை இணைப்பைத் துண்டித்து, நிழலான இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை நிலையைப் பார்த்தல் வேண்டும்.

அடுக்கு முற்றிலும் இறங்கிவிட்டால் மேலாண்மை அமைப்பு வெளியிணைப்பைத் துண்டித்துவிடும். மின்னேற்றியும் அடுக்கை இனங்காணாது நிற்கும். அப்போது வேறொரு பேட்டரியை நேரடியாக இணைத்து ‘எழுப்ப’ முயலுதல் தகாது. மின்கலம் அளவிறந்து இறங்கும்போது அதனுள்ளிருக்கும் தாமிரத் தகடு கரைந்து, மீள ஏற்றும்போது உட்குறுக்குச்சுற்று நேரலாம். பயிற்சி பெற்றவர் ஒவ்வொரு கலத்தையும் அளந்த பின்னரே மின்னேற்ற வேண்டும்.

பாதுகாப்பு

பிற லித்தியம் வகைகளை நோக்க இரும்பு பாஸ்பேட் வகை வெப்பத்தால் கட்டுமீறும் இயல்பு குறைந்தது. குறைந்தது என்பது இல்லை என்பதன்று. மோதுண்ட, நீரில் மூழ்கிய, உப்பிய அடுக்கிலிருந்து எரியக்கூடிய வளிமங்கள் வெளிப்படலாம். எனவே மின்னேற்றும் இடம் மாடிப்படிக்குக் கீழோ வெளியேறும் வழியிலோ இருத்தல் கூடாது. தளர்ந்த முனை இணைப்புகள் சூடேறுவதால் அவற்றை ஆண்டிற்கு இருமுறையேனும் சோதித்தல் வேண்டும். வண்டியைக் கழுவும்போது அடுக்கின் மேல் விசைநீர் பாய்ச்சுதல் தவிர்க்கத்தக்கது. ஆயுள் முடிந்த அடுக்கைப் பழைய இரும்புக் கடையில் போடுதல் தகாது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் லித்தியம் அடுக்குகளையும் உள்ளடக்கியன.

ஓட்டுநர்க்கான தமிழ்க் குறிப்பு மாதிரி

இவ்விளக்கங்கள் அனைத்தும் வண்டியை நாள்தோறும் கையாளுபவரைச் சென்றடையாவிடில் பயனற்றவை. அடுக்கின் மேலுள்ள எச்சரிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், பேச்சில் வழங்கும் ‘பேட்டரி’, ‘சார்ஜ்’ என்னும் சொற்களையே ஏற்றுப் பின்வரும் குறிப்பை மின்னேற்றும் இடத்தில் ஒட்டலாம்.

1. இந்த வண்டியில் இருப்பது லித்தியம் பேட்டரி. தண்ணீர் ஊற்ற வேண்டாம்.
2. இந்த வண்டிக்கான சார்ஜரை மட்டும் போடவும். பழைய சார்ஜரைப் போட வேண்டாம்.
3. ஓடி வந்த வண்டி ஆறிய பிறகு சார்ஜ் போடவும்.
4. சார்ஜ் 20 விழுக்காட்டுக்குக் கீழே போக விட வேண்டாம்.
5. சார்ஜ் ஏறி முடிந்ததும் பிளக்கை எடுத்துவிடவும்.
6. மாதம் ஒருமுறை முழு சார்ஜ் ஏற்றவும்.
7. ஒரு வாரத்துக்கு மேல் வண்டி ஓடாது என்றால் பாதி சார்ஜில் நிறுத்தி, மெயின் சுவிட்சை அணைக்கவும்.
8. பேட்டரி உப்பினாலோ, வாடை, புகை வந்தாலோ தொட வேண்டாம். ஆட்களை விலக்கிவிட்டுத் தீயணைப்புத் துறையை அழைக்கவும்.

முடிவுரை

• ஈய-அமில அடுக்கின் பராமரிப்பு சல்பேற்றத்தைத் தடுக்கும் நோக்கில் உருவானது. லித்தியத்தில் சல்பேற்றம் இல்லாமையால் அப்பழக்கங்களுள் பல தேவையற்றவை; சில கேடு விளைப்பவை.
• லித்தியம் அடுக்கின் ஆயுளைத் தீர்மானிப்பவை பொருத்தமான மின்னேற்றி, மிதமான மின்னேற்ற நிலை, வெப்பக் கட்டுப்பாடு, நீண்ட நிறுத்தத்தின்போது இணைப்புத் துண்டிப்பு ஆகிய நான்கு.
• அடுக்கை மாற்றும் நிறுவனம் மின்னேற்றியையும் அளவுமானியையும் சேர்த்தே மாற்றுதல் வேண்டும்.
• தொழில்நுட்பத் தமிழில் மின்கலம், மின்கல அடுக்கு என்னும் வேறுபாட்டைப் பேணுதல் துல்லியத்திற்கு இன்றியமையாதது. களக் குறிப்புகளில் வழக்குச் சொற்களை ஏற்பதே பயன்தரும்.

வண்டியை வாங்குவோர் அதன் விலையைப் பேசுகின்றனர். ஓட்டுவோர் அதன் இயல்பை அறிய வேண்டியவராக உள்ளனர். இவ்விருவர்க்கும் இடையிலுள்ள தொலைவைத் தெளிவான தமிழ்க் குறிப்புகளால் குறைப்பது வளாகங்களிலுள்ள தமிழ்த் துறைகளும் பொறியியல் துறைகளும் இணைந்து செய்யத்தக்க பணியாகும்.